ஷராக்குவின் நகலா, குனிசாதாவின் அசலா?

கையில் இருக்கும் ஒரே தொகைக்கு இரண்டு காகிதங்கள் கிடைக்கும். ஒன்று, தோஷுசாய் ஷராக்கு 1794இல் வரைந்த கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் படத்தை இன்றைய தோக்கியோ கைவினைஞர்கள் மறுபடியும் பலகையில் செதுக்கிக் கையால் அச்சிட்டுத் தரும் புத்தம் புதிய பிரதி. இன்னொன்று, உத்தாகாவா குனிசாதா வரைந்து, 1850களில் எடோ நகரத்துக் (இன்றைய தோக்கியோ) கடைகளில் விற்ற அசல் தாள். அதன் ஓரத்தில் பூச்சி அரித்த துளை இருக்கும், நடுவே ஒரு மடிப்பு இருக்கும், பின்புறம் யாரோ பழுப்புக் காகிதம் ஒட்டியிருப்பார். ஜப்பானிய நடிகர் படங்களில் முதல் படம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து தயங்குகிறார்கள். நானும் தயங்கினேன். தயங்கிய பிறகும் முதல் முறை ஏமாந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வகைப் படங்களுக்கு ஜப்பானியத்தில் ‘யாகுஷா-எ’ என்று பெயர். நேர்ப்பொருள் ‘நடிகர் படம்’. இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும்போது ஏற்படும் பயபக்தி அன்று யாருக்கும் இல்லை. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விற்ற விலையில் ஒரு தாள் கிடைத்தது. இந்த மாதம் எந்த நாடகம், எந்த நடிகர், என்ன வேடம் என்பதைச் சுடச்சுட அச்சிட்டு விற்றார்கள். அடுத்த நாடகம் வந்ததும் பழசாகிவிடும். தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் நினைவிருப்பவர்களுக்கு அந்தக் காகிதத்தின் இடம் எதுவென்று உடனே புரியும். வாங்கியவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. மடிப்புத் திரையில் ஒட்டினார்கள், அல்லது ஆல்பமாகத் தைத்து மடியில் வைத்துப் புரட்டினார்கள். பல பழைய தாள்களின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சின்னத் துளைகள் அந்தத் தையலின் மிச்சம்.

முதலில் ஷராக்கு. 1794 மே மாதம் திடீரென்று தோன்றினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தோடு காணாமல் போனார். சுமார் பத்தே மாதம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். எல்லாவற்றையும் வெளியிட்டவர் ஒரே ஆள், சுத்தாயா ஜூசாபுரோ. ஷராக்கு உண்மையில் யார் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அவா பிரபுவிடம் பணியில் இருந்த சைத்தோ ஜூரோபெய் என்ற, ‘நோ’ என்னும் இன்னொரு மரபு நாடக வகையின் நடிகர்தான் அவர் என்ற கருத்துக்கே இன்று ஆதரவு அதிகம்.

முதல் தொகுதியாக வந்த 28 பெருந்தலைப் படங்களில்தான் அவருடைய புகழ் நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்த படத்தையே எடுத்துக்கொள்வோம்: எதோபெய் என்ற அடியாள் வேடத்தில் மூன்றாம் ஓத்தானி ஓனிஜி. தாடை முன்னே துருத்தி நிற்கிறது. உதடுகள் ஒரு கோணல் கோடாக இறுகியிருக்கின்றன. கருவிழிகள் மூக்கை நோக்கி ஒதுங்கியிருக்கின்றன. அங்கியின் மார்புப் பிளவிலிருந்து இரண்டு கைகளும் விரல்களை விரித்தபடி வெளியே வருகின்றன. அந்தக் கைகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியவை. யாரோ உள்ளேயிருந்து நீட்டுவதுபோல் இருக்கும். பணத்தைப் பறிக்கப் பாயும் கணத்துக்கு முந்திய கணம் அது. பின்னணியில் எதுவும் இல்லை, அபிரகப் (மைக்கா) பொடி கலந்த அடர் சாம்பல் மட்டும்.

பெண் வேடம் கட்டும் ஆண்களையும் அவர் விடவில்லை. முகப்பூச்சுக்குக் கீழே இருக்கும் ஆணின் தாடையையும் முதிர்ந்த கன்னத்தையும் அப்படியே காட்டினார். உள்ளதை உள்ளபடி வரையப் போய் ஆகாத விதத்தில் வரைந்ததால் அவர் நீடிக்கவில்லை என்று அக்காலத்துக் குறிப்பு ஒன்றே சொல்கிறது. தன் அபிமான நடிகரின் தாடையைப் பார்க்கவா ரசிகர் காசு கொடுப்பார்?

அசல் ஷராக்கு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது; அருங்காட்சியகங்களிலும் பெரிய ஏலங்களிலும்தான் இருக்கிறது. எட்டுவது பிரதிதான். ‘நகல்’ என்ற சொல்லை வைத்து அதைத் தள்ளிவிடுவது சரியல்ல. உக்கியோ-எ எனப்படும் இந்த மரப்பலகை அச்சுப் படம் எப்போதுமே நால்வரின் கூட்டு வேலை. ஓவியர் மெல்லிய தாளில் கோடு வரைந்து தருவார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். நிறத்துக்கொரு பலகை. அச்சிடுபவர் ஈரக் காகிதத்தைப் பலகையின் மூலையில் வெட்டியிருக்கும் அடையாளத்தில் பொருத்தி வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் பின்புறத்தைத் தேய்ப்பார். பணம் போட்டு எல்லோரையும் மேய்ப்பவர் பதிப்பாளர். ஆக, 1794இல் விற்ற தாளிலும் ஷராக்குவின் கை பட்டிருக்க வாய்ப்பு குறைவு. தோக்கியோவின் அடாச்சி பட்டறை இன்று செய்வதும் இதே வேலைதான், இதே வகைப் பலகை, இதே வகை மல்பெரி நார்க் காகிதம். காணாமல் போயிருப்பது காலம் மட்டுமே. ‘மட்டுமே’ என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்துக்குத்தான் இன்னொரு பக்கம் விலை கொடுக்கப் போகிறோம்.

பிரதியிடம் அசலிடம் இல்லாத ஒரு குணம் உண்டு: நிறம். குசும்பப்பூவின் சிவப்பும், இன்னொரு வகைப் பூவின் நீலத்தோடு அதைக் கலந்த ஊதாவும் வெளிச்சத்தில் நிற்காதவை. இருநூறு வருடத்துத் தாளில் ஊதா இருந்த இடம் மங்கிய பழுப்பாகவும், இளஞ்சிவப்பு இருந்த இடம் வெறுங்காகிதமாகவும் கிடக்கும். 1794இல் ரசிகர் கையில் வாங்கிய படம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நல்ல பிரதியே கிட்டத்தட்டச் சரியான சாட்சி. அபிரகமும் அதில் முழுசாக இருக்கும். நேரே நின்று பார்த்தால் வெறும் சாம்பல். இரண்டடி நகர்ந்தால் தாள் முழுக்க ஒரு மினுக்கு ஓடி, ஓனிஜியின் தலை முன்னே தள்ளிக்கொண்டு வரும்.

நான் ஏமாந்தது இங்கேதான். ‘கையால் அச்சிட்ட ஷராக்கு’ என்று இணையத்தில் ஒருவர் விற்றதை வாங்கினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் பின்னணி முழுக்க நீலம், மஞ்சள், கருப்புப் புள்ளிகள். இயந்திரத்தில் அடித்த ஆஃப்செட் தாள். கையச்சில் நிறம் புள்ளியாக இருக்காது. காகித நாருக்குள் ஊறி இறங்கியிருக்கும், தாளைத் திருப்பினால் பின்புறத்திலும் படத்தின் நிழல் தெரியும், தேய்ப்பான் ஓடிய வளைவுத் தடமும் சில இடங்களில் தெரியும். எனவே விற்பவரிடம் பின்புறத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். மெய்ஜி, தாய்ஷோ காலங்களில் (1868–1926) செய்த பழைய பிரதிகளும் சந்தையில் உலவுகின்றன. தாள் பழுத்திருப்பதால் அவற்றை அசல் என்று விற்பவர்களும் உண்டு. அசல் ஷராக்கு மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது அசல் அல்ல, அவ்வளவுதான்.

இனி குனிசாதா. 1786இல் பிறந்து 1865இல் மறைந்தவர். 1844 முதல் தன் குருவின் பெயரான தொயோகுனி என்பதையே சூட்டிக்கொண்டு கையெழுத்திட்டார். இதனால் ஒரே ஆளின் படம் ‘குனிசாதா’ என்றும் ‘மூன்றாம் தொயோகுனி’ என்றும் இரண்டு பெயரில் விற்பனைக்கு வரும், குழம்ப வேண்டாம். அவர் வரைந்தவை இருபதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அச்சானவை. அதனால்தான் இன்றும் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறார். அளவுக்கு மீறி வரைந்தார் என்பதையே குற்றமாகச் சொல்லி விமர்சகர்கள் அவரை நீண்ட காலம் கீழே வைத்தார்கள். அவருடைய சுமாரான படங்கள் உண்மையிலேயே சுமாரானவை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வாழ்ந்த காலத்தில் கூட்டம் வாங்கியது அவரைத்தான், ஷராக்குவை அல்ல.

குனிசாதாவின் தாளில் எனக்குப் பிடித்தது ஓவியத்தைவிடச் சின்னது: முத்திரை. படங்களை வெளியிடுமுன் தணிக்கை அனுமதி முத்திரை பெற வேண்டும் என்ற விதி 1790 முதல் இருந்தது. 1852 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு, ஆண்டையும் மாதத்தையும் காட்டும் முத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆண்டுக்கு விலங்கு, மாதத்துக்கு எண். எலி என்றால் 1852, புலி என்றால் 1854, முயல் என்றால் 1855. ஜப்பானியம் தெரியாதவர்கூட ஒரு மாலைப் பொழுதில் பன்னிரண்டு விலங்கு எழுத்துகளையும் பன்னிரண்டு எண்களையும் பழகிக்கொள்ளலாம். பிறகு அங்கியில் இருக்கும் குலச்சின்னத்தைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் இருந்தால் அது இச்சிகாவா தான்ஜூரோ பரம்பரை. வேடத்தின் பெயர் ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தோக்கியோ வசேதா பல்கலைக்கழக நாடக அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தேடினால், எந்த ஆண்டு, எந்த அரங்கு, எந்த நாடகம் என்பதுவரை போய்விடலாம். அங்கே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நடிகர் படங்கள் இருக்கின்றன. 1855 வசந்தத்தில் ஓர் அரங்குக்குள் நடந்தது உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் புதுப் பிரதியும் இதைத் தராது.

சில தாள்களில் வேடத்தின் பெயர் இருக்கும், நடிகரின் பெயர் இருக்காது. அது அச்சுப்பிழையல்ல. 1842இல் தென்போ சீர்திருத்தம் என்ற சிக்கன நடவடிக்கையின்போது நடிகர் படங்களையே அரசு தடை செய்தது. ஆடம்பரமாக வாழ்ந்தார் என்று ஏழாம் தான்ஜூரோவை நகரத்தைவிட்டே வெளியேற்றியது. கெடுபிடி தளர்ந்து படங்கள் திரும்பி வந்தபோதும் நடிகர்களின் பெயரைப் போடாமல் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். போடவும் தேவைப்படவில்லை, மூக்கைப் பார்த்தே ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள். எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ நெடுஞ்சாலையை வைத்து 1852இல் குனிசாதா வரைந்த தொகுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாலையின் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் ஒரு வேடம், ஒரு நடிகர், பின்னால் நிலக்காட்சி. பெயர் எதுவும் இல்லாமலே விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஒன்று: அதில் இருப்பவை நடந்த நாடகங்கள் அல்ல. ‘இந்த வேடத்தை இவர் ஏற்றால் எப்படி இருக்கும்’ என்ற கற்பனைப் பொருத்தம். நடந்த ஒரு நிகழ்ச்சியின் தடயம்தான் வேண்டும் என்றால் இந்தத் தொகுப்பை விட்டுவிடுங்கள். படம் அழகாக இருந்தால் போதும் என்றால், தொடங்குவதற்கு இதைவிட நல்லது குறைவு.

அனாதைத் தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குனிசாதாவின் நடிகர் படங்களில் மிகப் பல, மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. காலப்போக்கில் பிரிந்து தனித்தனியே விற்கப்படுகின்றன. என்னிடம் இருப்பது அப்படி ஒரு வலதுபக்கத் தாள். முத்திரை முயல், மூன்று. சாமுராய் ஒருவன் வாளின் பிடியில் கைவைத்து இடப்பக்கம் முறைக்கிறான். முறைக்கப்படுபவன் இல்லை. தாளின் இடது விளிம்பில் யாருடைய அங்கியோ இரண்டு விரற்கடை அகலத்துக்கு எட்டிப் பார்க்கிறது. தனித் தாள் மலிவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. சமநிலையான ஒரு படம் வேண்டும் என்பவருக்கு உறுத்தும்.

அந்தச் சாமுராயின் அங்கி கருப்பு. வாங்கி இரண்டு வாரம் கழித்து, ஜன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கருப்புக்குள் கட்டம் கட்டமாக ஒரு நெசவு இருப்பதைக் கண்டேன். கருப்பின் மேல் அந்த வடிவத்தை மட்டும் தேய்த்து மெருகேற்றும் உத்தி அது. நேரே பார்த்தால் தெரியாது, சாய்த்தால் தெரியும். விற்றவர் போட்டிருந்த புகைப்படத்தில் அதற்கான அறிகுறியே இல்லை. சட்டம் போட்டு மாட்டியிருந்தால் நானும் கடைசிவரை கண்டிருக்க மாட்டேன்.

வேறு வழிகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குனிசாதாவின் மாணவர் தொயோஹாரா குனிச்சிக்கா (1835–1900) மெய்ஜி காலத்தவர். அக்காலத்தில் வந்திறங்கிய செயற்கைச் சாயச் சிவப்பும் ஊதாவும் அவர் படங்களில் கத்தும். சிலருக்கு அந்தக் கத்தல் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். மூன்று தாள் முழுக்க ஒரே நடிகரை விரித்துப் போடும் துணிச்சல் அவருடையது. மூன்று தாள்களும் சேர்ந்தே கிடைப்பதும் குனிசாதாவைவிட இவரில் எளிது. ஒசாகா படங்கள் தனி உலகம்: அங்கே அச்சானவை கிட்டத்தட்ட எல்லாமே நடிகர் படங்கள், ஹிரோசாதா போன்றவர்களின் தாள்கள் அளவில் பாதி, அச்சில் நேர்த்தி அதிகம். சிறிய தாளும் அடங்கிய முகமும் பிடித்தவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நாத்தோரி ஷுன்சென் இருக்கிறார். வாத்தானாபே ஷோசாபுரோவின் பதிப்பில் 1925 முதல் 1929 வரை 36 நடிகர் முகங்களைத் தந்தார். நகாமுரா கன்ஜிரோவைக் காகித வியாபாரி ஜிஹெய்யாகக் காட்டும் படத்தில் தலையைச் சுற்றிக் கட்டிய துணியும், அதற்குக் கீழே காதலில் கெட்டுப்போன ஒருவனின் முகமும் மட்டும்தான். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. குறைந்த எண்ணிக்கையில் அச்சானவை, விலையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் தொகையைப்போலப் பல மடங்கு. பணம் இருந்தால் யோசிக்காமல் வாங்குவேன். இல்லை.

முடிவை எனக்கு எளிதாக்கியது படங்களைப் பற்றிய எந்த ஒப்பீடும் அல்ல, வெளிச்சம். அருங்காட்சியகங்கள் இந்தத் தாள்களை 50 லக்ஸ் மங்கல் ஒளியில், அதுவும் சில வாரங்கள் மட்டும் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுகின்றன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுப் படங்களைக் கொடுத்தபோது, எக்காலத்திலும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றே நிபந்தனை போட்டார்கள். கஞ்சத்தனமாகத் தோன்றும் அந்த நிபந்தனையால்தான் அந்த ஊதாக்கள் இன்றும் ஊதாவாக இருக்கின்றன. வீட்டுச் சுவரில் இரண்டு கோடைகாலம் போதும், 170 வருடம் பிழைத்து வந்த நிறம் போய்விடும்.

எனவே யாராவது என்னிடம் கேட்டால் முதலில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். வரவேற்பறைச் சுவர் என்றால் ஷராக்குவின் பிரதி. பெருந்தலை, வெறும் பின்னணி, பத்தடி தூரத்திலிருந்தே பிடிக்கும். அறைக்குள் நடமாடுபவர்களுக்கு அபிரகம் மினுக்கிக்கொண்டே இருக்கும். நிறம் மங்கினாலும் அதே பட்டறையில் இன்னொன்று கிடைக்கும். எடுத்துப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, முத்திரையைத் தடவித் திரும்ப வைப்பதற்கு என்றால் குனிசாதா. குனிசாதாவைச் சுவரில் மாட்டுவது படத்துக்குச் செய்யும் கெடுதல். ஷராக்கு பிரதியை உறைக்குள் வைப்பது காசுக்குச் செய்யும் கெடுதல். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் குனிசாதாவை எடுப்பேன். விருந்தினர் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்பதும் எனக்கு ஒரு காரணம்.

வாங்கிவிட்டால் செய்யக் கூடாதவை சில. லாமினேட் செய்யாதீர்கள், கேட்கவே கூசுகிறது, ஆனால் செய்திருக்கிறார்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். அமிலமற்ற காகித உறைக்குள் தட்டையாக வையுங்கள், சுருட்டாதீர்கள். ஈரம் மிகுந்த ஊராக இருந்தால் மாதம் ஒருமுறை திறந்து காற்று காட்டுங்கள்; பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் ஓவியர் யார் என்று பார்ப்பதில்லை.

போன மாதம் என் தாளின் நடுத்தாள் விற்பனைக்கு வந்திருந்தது. முத்திரை முயல், மூன்று. என் தாளின் விளிம்பில் எட்டிப் பார்க்கும் அங்கியின் மிச்சம் அதில் இருக்கிறது. முறைக்கப்படுபவனை முதல்முறையாகப் பார்த்தேன்: பெண் வேடம், தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள், சாமுராயைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. என் விளிம்பில் ஊதாவாக இருக்கும் அந்த அங்கி அந்தத் தாளில் வைக்கோல் நிறத்தில் இருக்கிறது. யாரோ பல வருடம் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்திருக்கிறார். பின்புறத்தின் புகைப்படம் கேட்டு எழுதியிருக்கிறேன்.